யாருடைய கையெழுத்தின் கீழ் பழகுகிறீர்கள்?

எங்கள் அக்கரைப்பற்றில் பெண் பிள்ளை பிறந்தால் வாப்பாமார் அன்றைக்கே மனதுக்குள் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போடத் தொடங்கிவிடுவார்கள். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதுதான் கிழக்குக் கரையின் வழக்கம். ஆகவே மகளுக்கு ஒரு வீடு இருந்தே ஆகவேண்டும். வயலை விற்ற காசு, கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நின்று அனுப்பிய காசு, சீட்டுப் பிடித்த காசு எல்லாம் அந்த வீட்டுக்குள்தான் போகிறது.

அந்த வீட்டின் தூணில் எத்தனை கம்பி, அது எந்தக் கனம், கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் எவ்வளவு கொங்கிறீட் என்று முடிவு செய்கிறவர் யார்? அவர் அதை எங்கே படித்தார், யாரிடம் பழகினார், பிழை வந்தால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? ஓட்டோவில் ஏறும்போது சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று யோசிக்கும் நாங்கள், வாழ்நாள் உழைப்பை ஒருவர் கையில் கொடுக்கும்போது இதைக் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய இந்தக் கேள்விக்காகத்தான் தொழில்சார் பதிவேடு இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் ஒரு பிள்ளை முதன்முதலாகப் பயிலுநராக எப்படிக் கால் வைப்பது என்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். நான் மொரட்டுவை, கட்டுபெத்தையில் என்.டி.டி. என்ற தேசியத் தொழில்நுட்ப டிப்ளோமா படித்து, அரச திணைக்களம் ஒன்றில் டி.ஓ. என்ற தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்து, வேலை செய்துகொண்டே பரீட்சைகள் எழுதிப் பட்டயப் பொறியியலாளராகி ஓய்வு பெற்றவன். இப்போது அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் கோப்புகளோடு வீட்டுக்கு வருகிறார்கள். அட்டாளைச்சேனை, பாலமுனை, நிந்தவூர், சம்மாந்துறையிலிருந்தும் வருவார்கள். அநேகமான கேள்வி ஒன்றுதான்: “சேர், கோர்ஸ் முடிச்சிட்டன். இனி எஞ்சினியர் எண்டு பேருக்கு முன்னால போடலாமா?”

“போட ஏலாது மகன். ஆனா இண்டைக்கே தொடங்கலாம்” என்பதுதான் என் பதில்.

சட்டம் என்ன சொல்கிறது

2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பொறியியற் பேரவை உருவானது. அதற்கு முன்னரும் தொழில்சார் அமைப்புகள் இருந்தன. 1906இல் தொடங்கிய பொறியியலாளர் சங்கம்தான் 1968இல் பாராளுமன்றச் சட்டத்தோடு இலங்கைப் பொறியியலாளர் நிறுவகமானது. எல்லோரும் ஐ.ஈ.எஸ்.எல். என்று சொல்வது இதைத்தான். ஆனால் அங்கே சேருவதும் விடுவதும் அவரவர் விருப்பமாக இருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றியது. பொறியியல் தொழில் செய்கிறவர் பேரவையில் பதிந்திருக்க வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது.

பதிவில் ஆறு வகுதிகள் இருக்கின்றன. சார்ட்டர்ட் எஞ்சினியர், அசோசியேட் எஞ்சினியர், அஃபிலியேட் எஞ்சினியர், இன்கோப்பரேட்டட் எஞ்சினியர், எஞ்சினியரிங் டிப்ளோமேட், எஞ்சினியரிங் டெக்னீஷியன். பிள்ளைகள் முதலாவது பெயரை மட்டும் பார்க்கிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டத்தோடு வெளியே வரும் பிள்ளையின் இடம் அசோசியேட் எஞ்சினியர். படிப்பு முடிந்துவிட்டது, பொறுப்பேற்கும் அனுபவம் இன்னும் சேரவில்லை என்பது அதன் பொருள். சார்ட்டர்ட் ஆவதற்கு, மேற்பார்வையில் சில ஆண்டுகள் வேலை செய்து, அதை எழுத்தில் காட்டி, மூத்தவர்கள் முன் நேர்முகத்தில் உட்கார வேண்டும். டிப்ளோமாவோடு வருகிற பிள்ளைக்கு டிப்ளோமேட் வகுதி. அங்கிருந்து மேல் வகுதிகளுக்கு ஏறலாம்.

மற்றத் தொழில்களிலும் இதே ஒழுங்குதான். கட்டடக் கலைஞர்களுக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டமும், பதிவுச் சபையைக் கொண்டுவந்த 1996ஆம் ஆண்டுத் திருத்தமும் இருக்கின்றன. நில அளவையாளருக்கு 2002ஆம் ஆண்டு நில அளவைச் சட்டத்தின் கீழ் தனிச் சபை உண்டு. அதன் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒருவர் எங்கள் காணிக்கு எல்லை போட முடியாது. எல்லாவற்றிலும் படிப்பு, மேற்பார்வையில் பயிற்சி, மதிப்பீடு என்று மூன்று படிகள். நடுப்படியில்தான் எங்கள் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள்.

இரத்தம் சிந்திப் பிறந்த சட்டங்கள்

இதெல்லாம் வீண் கடதாசி வேலை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் நியூ லண்டன் கதையைச் சொல்வேன். இது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஊர். எண்ணெய்க் காசில் செழித்த ஊர் என்பதால் பள்ளிக்கூடத்தைப் பெரிதாகக் கட்டினார்கள். சூடேற்றும் கருவிகளுக்கு எரிவாயு இழுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் எரிவாயுவுக்கு மணம் சேர்ப்பதில்லை. கட்டடத்தின் அடியில் கசிந்து நிரம்பியது யாருக்கும் தெரியவில்லை. 1937 மார்ச் 18ஆம் திகதி பள்ளி விடும் நேரத்துக்குச் சற்று முன்னர் அது வெடித்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறக்குறைய 300 பேர் மாண்டார்கள். அதே ஆண்டிலேயே டெக்சஸ் பொறியியலாளர் பதிவுச் சட்டத்தை நிறைவேற்றியது. எரிவாயுவுக்கு மணம் சேர்க்க வேண்டும் என்ற விதியும் அந்த விபத்துக்குப் பிறகுதான் வந்தது.

இன்று அங்கே பட்டம் முடித்தவர் முதலில் அடிப்படைப் பரீட்சை ஒன்றில் சித்தியடைந்து ‘பயிலும் பொறியியலாளர்’ என்று பதிவார். கட்டடக் கலை படித்தவர் ஆறு துறைகளில் மொத்தம் 3,740 மணித்தியாலப் பயிற்சியைக் கணக்கில் காட்ட வேண்டும்.

எங்கள் நாட்டிலும் பாடம் இருக்கிறது. பொறியியற் பேரவைச் சட்டம் வந்த அதே 2017இல், மே மாதம், வெள்ளவத்தையில் மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்து உயிர் போனது. அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் கடைத்தெருவில் இப்போது மூன்று மாடி, நான்கு மாடி என்று எழும்புகிறது. 2004 டிசம்பர் சுனாமியில் கடல் எதை எடுத்தது, எதை விட்டது என்று பார்த்த ஊர்கள் இவை. கட்டடம் எப்படிக் கட்டப்பட்டது என்பது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

எந்தப் படிப்பு எந்தக் கதவுக்கு

படிப்பில் சேர முன்னரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: இது பதிவேட்டின் எந்த வகுதிக்குக் கொண்டுபோய் விடும்?

முதலாவது, நான்கு ஆண்டுப் பொறியியல் பட்டம். இது பேராதனையிலும் மொரட்டுவையிலும் மட்டும் கிடைத்த காலம் உண்டு. ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது. அமைச்சராக இருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியில் வந்தது அது. இன்று அங்கே பொறியியல் பீடமும் இருக்கிறது. அக்கரைப்பற்றிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் ஒரு பொறியியல் பீடம்! என் வயதுக்காரர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். எந்தப் பல்கலைக்கழகமானாலும் அங்கீகாரம் எந்த ஆண்டு உள்வாங்கப்பட்ட அணிக்கு என்று கேட்டுப் பாருங்கள். அங்கீகாரம் அணி பார்த்தே வழங்கப்படுகிறது. ஐ.ஈ.எஸ்.எல். 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அன்றிலிருந்து அது அங்கீகரிக்கும் பட்டத்துக்கு உடன்படிக்கையில் சேர்ந்த மற்ற நாடுகளிலும் மதிப்பிருக்கிறது.

இரண்டாவது, தொழில்நுட்பப் பட்டம். 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்த பிறகு எங்கள் பாடசாலைகளிலிருந்து நிறையப் பிள்ளைகள் அந்த வழியில் போகிறார்கள். நல்ல வழிதான். ஆனால் பொறியியல் பட்டமும் பொறியியல் தொழில்நுட்பப் பட்டமும் பெயரில் நெருங்கியவை. பதிவில் வேறு வேறு வகுதிக்குப் போகலாம். சர்வதேச அளவிலும் பொறியியலாளருக்கு வாஷிங்டன் உடன்படிக்கை, தொழில்நுட்பவியலாளருக்கு சிட்னி உடன்படிக்கை, டெக்னீஷியனுக்கு டப்ளின் உடன்படிக்கை என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். நான்காம் ஆண்டில் தெரிந்துகொண்டு அழுவதைவிட முதலாம் ஆண்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாவது, டிப்ளோமா. நான் வந்த வழி. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் என்.டி.டி. இப்போது ஹோமாகம தியகமவில் நடக்கிறது. இரண்டு ஆண்டு வகுப்பும் ஓராண்டுக் கைத்தொழில் பயிற்சியும் சேர்ந்தது அது. எச்.என்.டி.ஈ. என்ற உயர் தேசிய டிப்ளோமாவும் உண்டு. இவற்றோடு நின்றுவிட வேண்டியதில்லை. திறந்த பல்கலைக்கழகம் வழியாக வேலை செய்துகொண்டே பட்டம் எடுத்தவர்கள் இந்தக் கரையில் எத்தனையோ பேர்.

நான்காவது, கைத்தொழில் வழி. தொழில்நுட்பக் கல்லூரிகளும் தேசியப் பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையான நைட்டாவும் என்.வி.கியூ. என்ற தேசியத் தொழிற்தகைமையைத் தருகின்றன. அதில் ஏழு மட்டங்கள்: நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். நைட்டாவுக்கு முன்னோடி 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த தேசியப் பயிலுநர் சபை. அங்கே பயிலுநராகச் சேரும் பிள்ளை ஒப்பந்தம் எழுதித்தான் சேருகிறது. சும்மா ஒருவருக்குப் பின்னால் சுற்றித் திரிவது பயிற்சி ஆகாது. எங்கள் ஊர் மேசன்மாரும் ஓடாவிமாரும் இதைக் கவனிக்க வேண்டும். இருபது வருடம் கரண்டி பிடித்த கைக்கு, வகுப்பில் உட்காராமலே, செய்து காட்டித் தகைமை பெறும் வழி இருக்கிறது. ஏற்கெனவே கற்றதை மதிப்பிட்டு என்.வி.கியூ. தரும் முறை அது.

கட்டடக் கலைக்கு வழி வேறு. மொரட்டுவைப் பட்டத்துக்கு உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. பட்டத்துக்குப் பிறகு பட்டயக் கட்டடக் கலைஞரிடம் பயிற்சி, அதன் பின் மூன்றாம் பாகப் பரீட்சை. உலகம் போற்றும் ஜெஃப்ரி பாவா வழக்கறிஞராகத் தொழில் தொடங்கியவர். கட்டடம் கட்டும் ஆசை வந்ததும் கொழும்பின் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். பிறகு லண்டனில் படித்து 1957இல் தகைமை பெற்றபோது அவருக்கு 38 வயது. கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா பம்பாயில் பயிலுநராக இருந்து, லண்டனில் படித்து, 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் அசோசியேட் ஆனார். அந்தத் தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவர். திறமை எவ்வளவு இருந்தாலும் பயிலும் காலத்தை இருவரும் தாண்டிப் போகவில்லை.

டயரியில் என்ன எழுதுவது

கைத்தொழில் பயிற்சிக்குப் போகும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு நைட்டா டயரி பழக்கமானது. அன்றாடம் செய்ததை அதில் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அநேகமான பிள்ளைகள் மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவில் இருந்ததை நிரப்புகிறார்கள். “ஸ்லாப் கொங்கிறீட் போட்டோம். கம்பி வேலை பார்த்தேன்.” இப்படி நூறு பக்கம் எழுதினாலும் எழுதியவர் என்ன கற்றார் என்பது தெரியாது.

நான் எழுதச் சொல்வது இப்படி: “காலை எட்டு மணி. இரண்டாவது லொறிக் கலவையில் ஸ்லம்ப் 170 மில்லிமீற்றர் வந்தது. கேட்டிருந்தது 100. வழியில் தண்ணீர் சேர்த்திருக்கலாம் என்றார் மேற்பார்வையாளர். தண்ணீர் கூடினால் கலவை இலகுவாக ஓடும், இறுகிய பிறகு பலம் குறையும். லொறி திருப்பப்பட்டது. மற்ற லொறியில் கியூப் எடுத்தோம். 7 நாளிலும் 28 நாளிலும் உடைத்துப் பார்க்க வேண்டும்.” ஐந்தாறு வரிதான். அளவு, காரணம், முடிவு மூன்றும் அதில் இருக்கின்றன. நேர்முகத்தில் மூத்தவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள்: அந்த இடத்தில் நீ நின்றாயா, ஏன் என்று கேட்டாயா, உன் தலையில் பொறுப்பு விழுந்தால் என்ன செய்வாய்?

எங்கள் கடற்கரை ஒரு பெரிய பள்ளிக்கூடம். காற்றில் உப்பு, நிலத்தடித் தண்ணீரில் உப்பு. கொங்கிறீட்டுக்குள் உப்பு புகுந்து கம்பியைத் தொட்டால் துரு ஏறும். துரு பிடித்த கம்பி பருத்து, கொங்கிறீட்டைப் பிளந்து வெளியே தள்ளும். கடலோரத்தில் ஸ்லாப்பின் அடி கழன்று கம்பி தெரியும் வீடுகளைப் பாருங்கள். கம்பிக்கு வெளியே மூடி நிற்கும் கொங்கிறீட் சில மில்லிமீற்றர் குறைந்ததன் விளைவு அது. ஒரு பயிலுநர் கம்பிக்கு அடியில் கவர் கட்டை வைத்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கப் பழகினால், ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு எத்தனையோ ஆண்டு ஆயுள் கூடும்.

கையெழுத்திடுகிறவர் யார்

டயரியைவிட முக்கியமானது அதில் கையெழுத்து வைக்கிறவர். அண்மையில் ஒரு பிள்ளை வந்தார். ஒரு தனியார் கம்பனியில் பல ஆண்டு வேலை. பாலம் போட்டிருக்கிறார், மூன்று மாடி எழுப்பியிருக்கிறார். கோப்பைத் திறந்து பார்த்தால், எந்தப் பக்கத்திலும் பதிவு பெற்ற பொறியியலாளர் ஒருவரின் கையெழுத்து இல்லை. வேலை கொடுத்தவர்களும் சொல்லவில்லை, பிள்ளைக்கும் தெரியவில்லை. அந்த அனுபவத்தை அத்தாட்சிப்படுத்தப் பழைய மேற்பார்வையாளர்களை ஊர் ஊராகத் தேட வேண்டியதாயிற்று.

ஆகவே வேலையில் சேரும் முதல் வாரத்திலேயே கேளுங்கள்: எனக்கு மேற்பார்வை செய்பவர் எந்த வகுதியில் பதிந்திருக்கிறார்? அவருடைய பதிவு இலக்கம் என்ன, புதுப்பித்திருக்கிறாரா? என் பயிற்சிப் பதிவில் கையெழுத்திடச் சம்மதமா? மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். வடிவமைப்பு, தள வேலை, அளவையும் விலையும், பாதுகாப்பு எல்லாவற்றையும் தொட்டுப் பழக இடம் தருகிறார்களா என்றும் பாருங்கள். ஒரே வேலையை ஐந்து ஆண்டு செய்தால் ஓராண்டு அனுபவம்தான் சேரும்.

வெளிநாடு போகிறவர்களுக்கும் இது பொருந்தும். சவூதியில் பொறியியலாளர் பேரவையில் பதியாமல் எஞ்சினியர் என்ற பெயரில் இக்காமா என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க ஏலாது. அங்கே கேட்பதும் இதே கடதாசிகளைத்தான்.

இன்னொன்று, பெயர். எங்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் முகம்மது, அடையாள அட்டையில் மொஹமட், பட்டச் சான்றிதழில் முஹம்மத் என்று ஒரே பெயர் மூன்று விதமாக நிற்கும். விண்ணப்பம் இதனாலேயே திரும்பி வரும். படிக்கும் காலத்திலேயே பெயரை எல்லாக் கடதாசியிலும் ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்த்து வையுங்கள்.

பெண் பிள்ளைகள்

“சேர், மகள் படிக்கட்டும். சைட்டுக்குப் போறதுதான் உம்மாவுக்கு விருப்பமில்ல.” வாப்பாமார் இப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய பயத்தை நான் அலட்சியம் செய்வதில்லை. இருட்டும்வரை வேலை, கழிப்பறை இல்லாத தளம், தனியாகத் திரும்பும் பாதை எல்லாம் உண்மையான பிரச்சினைகள். அவற்றைத் தீர்க்க வேண்டியது வேலை கொடுப்பவரின் கடமை. ஆனால் பட்டம் வரை கொண்டுவந்து பயிற்சியில் நிறுத்தினால், அந்தப் பிள்ளையின் பெயர் ஒருபோதும் மேல் வகுதிக்கு ஏறாது. என்னிடம் டயரி காட்டும் பிள்ளைகளில் கவனமாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் ஊர், அந்த வீட்டைக் கணக்கிடும் உரிமையையும் மகளுக்குக் கொடுக்க வேண்டும்.

மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்

இவ்வளவும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். இனி என் சக தொழில்காரர்களுக்கு. எங்கள் பிள்ளைகளிடம் மூளை இருக்கிறது. பக்கத்திலேயே பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. பதிவு பெற்ற மேற்பார்வையாளர்தான் கிட்டத்தில் கிடைப்பதில்லை. அதனால் வசதியுள்ள பிள்ளை கொழும்பில் அறை எடுத்துத் தங்கிப் பழகுகிறது. வசதியில்லாத பிள்ளை கையெழுத்தில்லாத ஆண்டுகளைச் சேர்க்கிறது. திறமை சமமாக இருந்தும் பயிற்சியில் பிரிந்து போகிறார்கள்.

இதை மாற்றப் பெரிய நிதி தேவையில்லை. அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் பதிவு பெற்ற பொறியியலாளர்கள், கட்டடக் கலைஞர்கள், நில அளவையாளர்கள் இருக்கிறோம். பயிலுநரை ஏற்கச் சம்மதிப்பவர்களின் பெயரும் வகுதியும் தொழிலும் அடங்கிய ஒரு பட்டியல் தயாரித்து, பல்கலைக்கழகத்திலும் தொழில்நுட்பக் கல்லூரியிலும் மாநகர சபையிலும் ஒட்டலாம். ஆளுக்கு ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளலாம். தளத்துக்கு அழைத்துப் போங்கள், கணக்கைச் செய்யவிட்டுத் திருத்துங்கள், டயரியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். எங்களுக்கும் யாரோ ஒருவர் இப்படிச் செய்ததால்தான் நாங்கள் பதிவேட்டில் இருக்கிறோம். அந்தப் பட்டியலின் முதல் வரியில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது வரிக்கு ஆள் வேண்டும்.